ஒரே பையில் வந்தவை

தபால் பிரிப்பகத்தின் கடைசி அறைக்கு வழி தெரியாத கடிதங்கள் வந்து சேரும். முகவரி நனைந்தது, கிழிந்தது, பாதியில் நின்றது, வெறுமனே 'மாமா வீடு' என்று மட்டும் எழுதியது. எல்லாம் ஒரே மேசைக்குத்தான் வரும். அந்த மேசைக்காரிக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் மோப்பம். வீட்டில் அவள் மூத்தவள், தங்கைக்கு அக்கா. தங்கை இறந்து எட்டு மாதம் ஆன பிறகும் தங்கையின் கணவனுக்கு அவள் அக்காதான், அவளுக்கு அவன் மாப்பிள்ளைதான்.

பத்துக் கடிதம் வந்தால் எட்டை வீடு சேர்த்துவிடுவாள். மீதி இரண்டுக்காகச் சாப்பாட்டு நேரத்தை விடுவாள்.

"திருப்பி அனுப்பிட வேண்டியதுதானே?" என்பார் மேலாளர்.

"அனுப்பினவங்க முகவரியும் இல்லையே சார். உங்க வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?"

அவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அவளும் மாப்பிள்ளையும் சதுரங்கக் கழகத்தின் படி ஏறினார்கள். கீழே இரும்புக் கடை. மேலே ஒரே நீள அறை, எட்டு மேசை. ஐந்தாம் மேசைக்கு நேர் மேலே கூரை ஒழுகும். மழை நாளில் சதுரங்கப் பலகையை ஓரமாகத் தள்ளிப் பக்கத்தில் வாளி வைப்பார்கள். அங்கே ஆடுபவர் வாளியைத் தாண்டிக் கை நீட்டித்தான் காய் நகர்த்த வேண்டும். பதினொரு வருடம் அந்த இடம் தங்கையுடையது. கழகத்தின் செயலாளரும் அவள்தான். குதிரையை வைத்தே எதிராளியைக் கவிழ்ப்பாள் என்பதால் குதிரைக்காரி என்று பட்டப்பெயர்.

ஐந்தாம் மேசைக்கு மேலே, சுவரில், அவள் பெயர் எழுதிய பலகை மாட்டுவதாகக் கழகம் முடிவு செய்திருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அக்கா நினைத்தாள். இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து உடுத்தி வந்திருந்தாள்.

தலைவர் ஒரு பல் டாக்டர். முதல் மேசையில் டாக்சிக்காரரோடு ஆடிக்கொண்டிருந்தார். இடையில் யாரோ ஒரு தாளை நீட்ட, பலகையிலிருந்து கண் எடுக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆட்டத்தில் இருந்தால் அவர் எதில் வேண்டுமானாலும் போடுவார். ஒருமுறை டாக்சிக்காரரின் மகளுடைய பள்ளி விடுப்புக் கடிதத்தில் தகப்பன் இடத்தில் போட்டுவிட்டார். பள்ளியும் விடுப்புக் கொடுத்துவிட்டது.

ஆட்டக் கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"உட்காருங்கம்மா," என்றார். பல்லைப் பிடுங்கும் முன் "வலிக்காது" என்று சொல்கிற குரல்.

"பலகை தயாராயிடுச்சா டாக்டர்?"

"தயாராத்தான் இருக்கு. என் கிளினிக்ல இருக்கு. அடுத்த வாரம் மாட்டலாம்னு இருந்தோம்."

"இருந்தோம்னா?"

டாக்டர் டாக்சிக்காரரைப் பார்த்தார். டாக்சிக்காரர் கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பத்து வருடத்துக்கு முன் கழகம் இணையத்தில் ஒரு கப்பல் என்ஜினியரோடு ஆடியது. நாளுக்கு ஒரு நகர்த்தல், ஏழு மாதம். கடைசியில் குதிரைக்காரி அவரைச் சுருட்டினாள். தோற்ற மனிதர் பெரிய மனசுக்காரர். கழகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். "கூரை" என்று பதில் போனது. கையில் பிட்காயின் என்ற இணையக் காசுதான் இருக்கிறது, கால் காயின் தருகிறேன் என்றார். காயின் வந்து விழுவதற்குத் தங்கை இணையத்தில் ஒரு முகவரி வாங்கி அனுப்பினாள். காயின் வந்தது. அன்றைய விலைக்கு அது காசே இல்லை.

"இதை மாத்தினா பத்து வாளி வாங்கலாம். நமக்கு ஒரு வாளி போதும். இருக்கட்டும்," என்று அவள் கூட்டத்தில் சொன்னதும் எல்லோரும் சிரித்ததும் கூட்டக் குறிப்பில் இருக்கிறது. முகவரியை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியவளும் அவளே. 1 என்று தொடங்கும் முப்பத்து நான்கு எழுத்தும் எண்ணும். அதற்குப் பிறகு அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு அந்தக் கால் காயின் இருந்தா கூரையே போட்டுடலாம்," என்றார் டாக்டர். "பெயர்ப்பலகை மாட்டற அன்னைக்கே கூரை வேலையும் ஆரம்பிக்கலாம்னு ஆசை. அந்த முகவரில எவ்வளவு இருக்குன்னு யார் வேணும்னாலும் இணையத்துல பார்க்கலாமாம். பார்த்தோம்."

"எவ்வளவு?"

"பூஜ்யம்மா."

"வந்த மறுநாளே போயிருக்கு," என்றார் டாக்சிக்காரர். "நான் ஒண்ணும் சொல்லலை. கம்ப்யூட்டர் சொல்லுது."

"கம்ப்யூட்டர் வேற என்ன சொல்லுது?"

"முகவரியை உண்டாக்கினது செயலாளர். வேற யாருக்கும் அதோட சாவி தெரியாது. அவ்வளவுதான். நெருப்பில்லாம புகையாது பாருங்க."

அக்காவுக்குக் காது சுட்டது. மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். அவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அவன் எதையாவது இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை. அவ எடுத்தாளா?"

"தெரியலைக்கா."

அவ்வளவுதான் சொன்னான். இல்லை என்று சொல்லவில்லை. டாக்சிக்காரரின் புருவம் ஒரு அங்குலம் ஏறியது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கட்டிய புருஷனே இப்படிச் சொன்னால் மூடி என்ன, கதவே திறந்த மாதிரி.

"ரெண்டு மாசம் கொடுங்க டாக்டர்," என்றாள் அக்கா. "என் தங்கச்சி எடுத்திருந்தா அந்தப் பலகையை நானே உடைச்சு அடுப்புல வைக்கிறேன். எடுக்கலைன்னா உங்க கையாலதான் ஆணி அடிக்கணும். வேற யாரும் சுத்தியலைத் தொடக்கூடாது."

"சரிம்மா," என்றார் டாக்டர்.

 படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் அக்கா வெடித்தாள்.

"தெரியலையாம்! சாப்பிட்டீங்களான்னு கேட்டாலும் தெரியலை. இதுக்கும் தெரியலையா?"

"தெரியலைன்னாத்தானேக்கா தெரியலைன்னு சொல்ல முடியும்."



திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் அந்த முகவரியைத் தட்டினாள். ஒரு பக்கம் வந்தது. வரவு ஒன்று, செலவு ஒன்று, மீதி பூஜ்யம். வரவைத் தட்டினாள். ஒரு முகவரியிலிருந்து ஒரு முகவரிக்கு, கால் காயின். சரி. செலவைத் தட்டினாள். திரை நீண்டுகொண்டே போனது.

இடப்பக்கம் வரிசையாக முகவரிகள். எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு. தங்கையின் முகவரி அதில் நாற்பதாவது. எல்லாவற்றிலும் இருந்த துண்டு துக்காணிக் காயினெல்லாம் ஒரே நிமிடத்தில், ஒரே கட்டாக, வலப்பக்கம் இருந்த ஒரே ஒரு முகவரிக்குப் போயிருந்தது.

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

கிழிந்த கடிதம் ஒன்று வந்தால் அவள் முதலில் கடிதத்தைப் பார்க்க மாட்டாள். அது எந்தப் பையில் வந்தது, கூட வந்தவை எவை என்று பார்ப்பாள். கூட வந்த முப்பது கடிதத்தில் ஒரே வட்டாரத்து முத்திரை இருந்தால் இதுவும் அந்த வட்டாரத்துப் பெட்டியில் விழுந்ததுதான். கடிதம் பேசாவிட்டாலும் கூட்டாளிகள் பேசுவார்கள். இது அவளுடைய கண்டுபிடிப்பு இல்லை. அந்த மேசைக்கு யார் வந்தாலும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வது.

ஒரு ஆள் காசை எடுத்தால் ஒற்றையாக எடுப்பான். இருநூற்றுப் பதினான்கு பேர் காசும் ஒரே பையில் போயிருக்கிறது என்றால், எடுத்தது ஆள் இல்லை. வண்டி. தெருமுனைத் தபால் பெட்டி மாலையில் காலியாக இருந்தால் கடிதம் திருடு போனது என்று யாராவது சொல்வார்களா? வண்டி வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவ்வளவுதான்.

காயின் வாங்கி விற்கும் நிறுவனங்களைப் பற்றிப் படித்தாள். பரிமாற்றகம் என்று பெயர். கணக்குத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் அவர்கள் ஒரு முகவரி கொடுக்கிறார்கள். அதில் விழுவதை அவ்வப்போது மொத்தமாக வழித்துத் தங்கள் பெட்டகத்தில் போட்டுக்கொள்கிறார்கள். முகவரியில் பூஜ்யம் இருக்கும். ஆளின் கணக்கில் காயின் இருக்கும்.

"அடி என் குதிரைக்காரி," என்றாள் அக்கா, வாய்விட்டு. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பெட்டி யாருடையது என்பது பாதிதான் தெரிந்தது. எந்த வண்டி, அதாவது எந்தப் பரிமாற்றகம் என்று தெரிய வேண்டும். வலப்பக்கத்துப் பெரிய முகவரியைத் தேடினாள். எந்தப் பெயரும் ஒட்டியிருக்கவில்லை. பத்து வருடப் பழசு. அந்தக் காலத்துப் பரிமாற்றகங்களில் பாதி மூடிக் கிடக்கின்றன, பாதி பெயர் மாறியிருக்கின்றன. மூடியதாக இருந்தால் கதை முடிந்தது.

இருநூற்றுப் பதினான்கையும் அச்செடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள்.

வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. தங்கை இருந்தவரை நாற்காலி எல்லாம் சட்டை போட்டிருக்கும். இப்போது வெறும் நாற்காலிகள். சமையல் மேடையில் தங்கையின் போன் சார்ஜில் இருந்தது.

"தினமும் போடறீங்களா?"

"ம்."

"யாராவது கூப்பிடறாங்களா?"

"இல்லை. அணைஞ்சிடக் கூடாதுன்னு."

அக்கா வேறு பக்கம் பார்த்தாள். பிறகு தாள்களை மேசையில் பரப்பி விஷயத்தைச் சொன்னாள். பெட்டி, வண்டி, பை, கூட்டாளிகள். அவன் குறுக்கிடவில்லை. கேட்கிறானா என்றுகூடத் தெரியவில்லை.

"இந்த இருநூத்துச் சொச்சம் பேர்ல யாராவது ஒருத்தர் எங்கேயாவது வாயைத் திறந்திருப்பாங்க," என்றாள். "'இது என் முகவரி, இன்ன கம்பெனியில வாங்கினது'ன்னு. ஒவ்வொண்ணா இணையத்துல போட்டுத் தேடணும். நான் மேலேர்ந்து வரேன்."

"போன்ல தேடினேன் அப்பவே," என்றான் அவன். "மெயில்லயும். கழகத்துப் பழைய மெயில் கம்பெனியே மூடிட்டாங்க."

அவன் தேடியிருக்கிறான் என்பதே அவளுக்குப் புதிது. கேட்டால் அதற்கும் ஒரு சொல்தான் வரும் என்று விட்டுவிட்டாள். தாள்களில் ஒரு பிரதியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு நாளைக்கு இருபது என்று கணக்கு வைத்துக்கொண்டாள். எழுத்தையெல்லாம் ஒட்டி, தேடி, ஒன்றும் இல்லை என்றால் பக்கத்தில் ஒரு கோடு. ஐந்து நாளில் நூறு கோடு. கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை. மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, முகவரியா?"

"ஆமா சார்."

"இதுல தெருவும் இல்லை, ஊரும் இல்லை."

"'மாமா வீடு'க்கு இது தேவலை சார்."

நூற்று முப்பத்தொன்றாவது முகவரி பேசியது. பத்து வருடத்துக்கு முன் ஓர் இணைய மன்றத்தில் எவனோ ஒருவன் கொதித்திருந்தான். 'ஆறு மணி நேரம் ஆச்சு, என் காயின் கணக்கில் ஏறவில்லை, நீங்கள் கொடுத்த முகவரி இதுதான், கம்பெனி நடத்துகிறீர்களா கடலைக்கடை நடத்துகிறீர்களா' என்று அவன் பாஷையில் கேட்டிருந்தான். கீழே நிறுவனத்தின் பதில்: 'ஏற்றிவிட்டோம், மன்னிக்கவும்.' பதிலுக்கு அடியில் நிறுவனத்தின் பெயர்.

கோபக்காரன் வாழ்க என்று நினைத்தாள். பெயரை ஓர் அட்டையில் பென்சிலால் எழுதினாள்.

பென்சிலால்தான். அந்த மேசையின் சட்டம் அது. ஒரு சாட்சியை வைத்து உறையின் மேல் முகவரி எழுதக் கூடாது. முதல் சாட்சிக்குப் பென்சில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டாவது சாட்சி அதையே சொன்னால்தான் பேனா. பென்சிலோடு ஒரு கடிதத்தையும் அவள் வெளியே விட்டதில்லை. அந்தக் கோபக்காரன் எழுத்தைத் தப்பாக ஒட்டியிருந்தால்? இன்னும் எண்பத்து மூன்று பாக்கி.

மறுநாள் மாலை அவள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றான். எட்டு மாதத்தில் அவனாக வந்தது அதுதான் முதல் தடவை. கையில் மடித்த தாள்.

"நீங்க மேலேர்ந்து வரேன்னீங்க," என்றான். "நான் கீழேர்ந்து வந்தேன்."

 அக்கா தாளை வாங்கினாள். அதிலும் கோடுகள். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். இருநூற்றுப் பதினான்கில் தொடங்கி மேலே வந்து, நூற்றுத் தொண்ணூறில் ஒரு வட்டம்.

"பழைய இசைத்தட்டு விக்கிற கடை," என்றான். "அவங்க பக்கத்துல இந்த முகவரியைப் போட்டு, இது இன்ன பரிமாற்றகத்துல எங்க கணக்கு, பயப்படாம அனுப்புங்கன்னு எழுதியிருக்காங்க."

"இன்னன்னா எது? நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

சொன்னான். அட்டையில் இருந்த அதே பெயர்.

அக்கா பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பென்சில் மேலேயே எழுதுங்க. நீங்கதான் எழுதணும்."

அவன் நின்றபடியே சுவரில் வைத்து எழுதினான்.  பேனா பென்சில் கோட்டைத் தாண்டவில்லை.

அந்தப் பெயரில் இப்போது நிறுவனம் இல்லை. பெரிய மீன் விழுங்கியிருந்தது. விழுங்கிய மீன் உயிரோடு இருந்தது, பழைய கணக்குகளைக் கேட்டு எழுதுவதற்கு ஒரு முகவரியும் வைத்திருந்தது. கழகத்தின் பெயரில்தான் கேட்க வேண்டும். சனிக்கிழமை கடிதத்தோடு மாடி ஏறினாள். டாக்டர் ஆட்டத்தில் இருந்தார். கடிதத்தை நீட்டினாள். கண் எடுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"படிக்க மாட்டீங்களா டாக்டர்?"

"நீங்க எழுதினதுதானேம்மா."

டாக்சிக்காரர் மட்டும் விடவில்லை. அவளைப் படிவரை வந்து பிடித்தார்.

"வண்டின்னு சொல்றீங்க. சரி, ஒத்துக்கறேன். நானும் வண்டி ஓட்டறவன்தான். ஆனா வண்டி கொண்டுபோய் இறக்கின இடத்துல யாரு வாங்கினாங்க? கணக்கு யாரு பேர்ல? அதுக்கப்புறம் அதுலேர்ந்து எடுக்கலைன்னு யாரு கண்டா?"

 கேள்வி நியாயமானது. பெட்டியைக் கண்டுபிடித்தாள், வண்டியைக் கண்டுபிடித்தாள். வீட்டுக் கதவு இன்னும் மூடித்தான் இருந்தது.

பதில் வர மூன்று வாரம் ஆகும் என்று நிறுவனம் எழுதியது. அந்த மூன்று வாரத்தில் அக்கா உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே. தங்கை நோயில் கிடந்த கடைசி வருடம். ஸ்கூட்டர் போனது. நகை போனது. அக்காவே தன் சேமிப்பை வழித்துக் கொடுத்தாள். அந்த நெருக்கடியில் ஒரு கால் காயின் கையெட்டும் தூரத்தில் இருந்திருந்தால், எடுத்திருந்தால், தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடமே கேட்டாள்.

"அன்னைக்கு ஏன் இல்லைன்னு சொல்லலை?"



"எடுத்திருக்கணும்னு ஆசைப்பட்டேன்கா," என்றான். "கடைசி மாசம் ஒரு ஊசி சொன்னாங்க. நம்மால முடியாத விலை. நான் அவகிட்ட கேட்டேன். எங்கேயாவது ஏதாவது இருக்கான்னு. 'நம்மளது எதுவும் இல்லை'ன்னா. அப்படித்தான் சொன்னா. நம்மளது எதுவும் இல்லை."

அக்கா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அவ போனப்புறம் கழகத்துல இந்தப் பேச்சு வந்தப்போ, ஒருவேளை எடுத்து எதுக்காவது செலவு பண்ணியிருப்பாளோன்னு நினைச்சேன். பண்ணியிருந்தா நல்லது. கொஞ்சமாவது வலி குறைஞ்சிருக்கும். அதான் இல்லைன்னு சொல்ல வரலை."

இத்தனை மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் அதிகம். அக்கா எழுந்து போய் டீ போட்டாள். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அவன் முழுவதையும் குடித்தான்.

பதினெட்டாம் நாள் நிறுவனம் எழுதியது. அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. கழகத்தின் பெயரில் இருக்கிறது. அதற்கு மேல் கடிதத்தில் சொல்ல இயலாது. கணக்கின் இரண்டாவது பொறுப்பாளர் வீடியோவில் வந்தால் பேசலாம்.

"இரண்டாவது பொறுப்பாளர் யாரு?" என்றார் டாக்டர். கடிதத்தைப் புரட்டி முதுகுப் பக்கமும் பார்த்தார்.

"நீங்கதான், தலைவர்னு போட்டிருக்கு," என்றாள் அக்கா.

"நானா? நான் எதுவும் பண்ணலையே!"

"எதுவும் பண்ணலைன்னு தெரியுமா, இல்லை ஞாபகம் இல்லையா?"

டாக்சிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார், டாக்டரைப் பார்த்து.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கழகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். மடிக்கணினியை ஐந்தாம் மேசையில் வைத்தார்கள். சுற்றி எட்டு மேசைக்காரர்களும் நின்றார்கள். மாப்பிள்ளை சுவரோரம் நின்றான். திரையில் ஓர் இளம்பெண், நிறுவனத்தின் அதிகாரி. டாக்டரின் அடையாள அட்டையைக் கேட்டாள். பார்த்தாள். பிறகு தன் பக்கத்திலிருந்து ஒரு படத்தைத் திரையில் காட்டினாள்.

"இது நீங்கதானா சார்?"

படத்தில் டாக்டர். தலை நிறைய முடி. ஒரு கையில் அடையாள அட்டை, இன்னொரு கையில் ஒரு தாள். கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. ஓரமாக, கீழே, எதையோ பார்க்கிறது. படத்தின் அடியில் கடிகாரமும் இரண்டு சிப்பாயும் தெரிந்தன.

"ஆட்டத்துல இருக்கீங்க டாக்டர்!" என்று யாரோ கத்தினார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"நம்ம குதிரைக்காரி… என்கிட்ட ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க டாக்டர்னு சொல்லிச்சு. எனக்கு நேரம் ஓடிட்டு இருந்தது. சீக்கிரம் எடும்மான்னேன். என்னத்துக்குன்னு கேக்கவே இல்லை."

படத்திலிருந்த தாளை அக்கா படித்தாள். தங்கையின் கையெழுத்து. குண்டு குண்டாக. கழகத்தின் பெயர், தேதி, 'இந்தக் கணக்கு கழகத்துடையது'.

"கணக்கை அப்படித்தான் தொடங்கியிருக்காங்க," என்றாள் அதிகாரி. "ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டாத்தான் எடுக்க முடியும். ஒருத்தரால முடியாது. கேட்டு வாங்கியிருக்காங்க, அந்தக் காலத்துல யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு தடவைகூட எடுக்க முயற்சி நடக்கலை. வந்தது அப்படியே இருக்கு. புதுச் செயலாளர் பேரைச் சேர்த்தா நீங்க எடுத்துக்கலாம்."

 கீழே இரும்புக் கடையில் கம்பி இறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பதினெட்டு வருடம் பிறத்தியார் கடிதங்களை வீடு சேர்த்தவள். இது அவள் வீட்டுக் கடிதம்.

"தன் கையைத் தானே கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கா," என்றாள். "நினைச்சாலும் எடுக்க முடியாத மாதிரி. பத்து வாளி விலை இருந்த அன்னைக்கே. என் தங்கச்சி."

டாக்சிக்காரர் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் பேசினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"பரவாயில்லைண்ணே," என்றான் மாப்பிள்ளை. "நானும்தான் தெரியலைன்னேன்."

அவன் ஐந்தாம் மேசைக்கு வந்து திரையில் இருந்த தாளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தான். கையெழுத்தை மட்டும் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் கலைந்திருந்தது. இத்தனை மாதத்தில் அக்கா அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியும்கா," என்றான். "இப்போ தெரியும். இவ இப்படித்தான்."

அடுத்த வாரம் பெயர்ப்பலகை வந்தது. டாக்டர் ஆணி அடித்தார். பல்லில் ஊசி போடுகிற கைக்கு ஆணி பிடிபடவில்லை. நாலு ஆணி வளைந்தது, ஒன்று பறந்து இரண்டாம் மேசையில் ராணியைச் சாய்த்தது. இரும்புக் கடைக்காரர் மேலே வந்து, நான் அடிக்கட்டுமா என்று கேட்டார்.

"தொடக்கூடாது," என்றாள் அக்கா. "அது பேச்சு."

ஐந்தாவது ஆணி நின்றது. பலகையில் பெயரும், அதன் கீழே சின்னதாக ஒரு குதிரையும். கொஞ்சம் சாய்வாகத்தான் இருந்தது. யாரும் திருத்தவில்லை.

கூரைக்காரனின் ஒப்பந்தம் அதற்கு அடுத்த சனிக்கிழமை வந்தது. அக்கா கொண்டுபோனபோது டாக்டர் முதல் மேசையில் டாக்சிக்காரரோடு ஆடிக்கொண்டிருந்தார். ஜெயிக்கிற நிலை. இருவருக்கும் ஐந்தைந்து நிமிடம்தான் பாக்கி. தாளை நீட்டினாள். டாக்டரின் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போனது. பாதியில் நின்றது.

தாளை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.

"டாக்டர், உங்க நேரம் ஓடுது," என்றார் டாக்சிக்காரர்.

"ஓடட்டும்."

"கடிகாரத்தை நிறுத்தவாவது நிறுத்துங்க."

"சும்மா இருப்பா. 'கூரைத் தகடுகளின் தடிமன்…' இது என்னம்மா, எத்தனை மில்லிமீட்டர்?"

அக்கா சொன்னாள். அவர் மேலே படித்தார். இரண்டாம் பக்கத்தில் நாலு நிமிடம் போனது. மூன்றாம் பக்கத்தில், உத்தரவாதம் எத்தனை வருடம் என்ற வரியில், கடிகாரம் கூவியது.

"தோத்துட்டீங்க," என்றார் டாக்சிக்காரர்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு," என்றார் டாக்டர்.

ஐந்தாம் மேசையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். குதிரை எப்படித் தாண்டும் என்று இரும்புக் கடைக்காரர் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே தூறல் விழத் தொடங்கியது. அவன் வாளிக்கு மேலே கை நீட்டி, குதிரையை எடுத்து, இரண்டு கட்டம் முன்னால், ஒரு கட்டம் பக்கத்தில் வைத்தான்.

"சரியாக்கா?" என்றான்.

அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. "சரிதான்," என்றாள்.